கேபிளைத் தொட்டுப் பார்: ஆன்டெனா ஆராய்ச்சி என்றால் என்ன?

"கம்பியில் என்னடா ஆராய்ச்சி?" என்று சித்தப்பா கேட்டார். முதுநிலைப் படிப்பில் மின்காந்தவியல் எடுத்திருக்கிறேன், ஆன்டெனாக்களைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று நான் பெருமையாகச் சொல்லி முடித்த அடுத்த நொடி. "மாடியில நட்டா வேலை முடிஞ்சுது. அதுல கண்டுபிடிக்க என்ன பாக்கி இருக்கு?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் முதல் ஆன்டெனாவைச் செய்து 130 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கும் இருபது வருடம் முன்பே, 1865-ல், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல், மின்புலமும் காந்தப்புலமும் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் சமன்பாடுகளை எழுதி வைத்துவிட்டார். அந்தச் சமன்பாடுகள் இன்றுவரை ஒரு எழுத்து மாறவில்லை என்று சொல்ல ஆசைதான். எழுதும் முறை மாறியிருக்கிறது, உள்ளே இருக்கும் சங்கதி மாறவில்லை. ஆனாலும் எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கம்பிகளோடுதான் குடித்தனம் நடத்தினார். ஒரு நாளும் வேலை இல்லாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கு அப்படி என்னதான் வேலை என்பதைச் சொல்ல வேண்டுமானால், ஆன்டெனா என்பது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பயப்பட வேண்டாம், பெரிய கணக்கு வராது. கொஞ்சம் வகுத்தல் மட்டும் வரும்.

சும்மா நிற்கும் ஒரு எலக்ட்ரானை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி நாலாபுறமும் மின்புலம் பரவியிருக்கிறது. புலத்தைக் கோடுகளாக வரைவது வழக்கம். எல்லாக் கோடும் எலக்ட்ரானை நோக்கியே இருக்கும். இப்போது அந்த எலக்ட்ரானைச் சட்டென்று ஒரு விரற்கடை தள்ளி வைக்கிறோம். பக்கத்தில் உள்ள கோடுகள் உடனே புது இடத்தை நோக்கித் திரும்பிவிடும். தூரத்தில் உள்ளவற்றுக்குச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. சேதி ஒளியின் வேகத்தில்தான் போகும், நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். 300 மீட்டர் தள்ளி இருக்கும் கோடு, ஒரு மைக்ரோ நொடிக்குப் பழைய இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

கிட்டே இருப்பது புது இடத்தைப் பார்க்கிறது, தொலைவில் இருப்பது பழைய இடத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒரே கோடு, அறுந்துபோகவும் முடியாது. அதனால் நடுவில் ஓர் இடத்தில் கோடு மடங்கியாக வேண்டும். அந்த மடிப்பு ஒளியின் வேகத்தில் வெளியே ஓடிக்கொண்டே இருக்கிறது. மின்காந்த அலை என்பது அந்த மடிப்புதான்.

இதில் கவனிக்க வேண்டியது, எலக்ட்ரான் ஓடினால் மட்டும் போதாது. சீரான வேகத்தில் ஓடினால் கோடுகளும் கூடவே சீராக நகர்ந்துவிடும், மடிப்பு விழாது. வேகம் மாற வேண்டும். பேட்டரியிலிருந்து ஒரே சீராக ஓடும் மின்னோட்டத்தால் அலை கிளம்பாததற்கும், ரேடியோவுக்கு முன்னும் பின்னும் ஆடும் மின்னோட்டம் தேவைப்படுவதற்கும் அதுதான் காரணம்.

அந்த மடிப்புக்கு இன்னொரு குணம் உண்டு. சாதாரண மின்புலம், தூரம் இரண்டு மடங்கானால் நாலில் ஒன்றாகக் குறையும். மடிப்பு பாதியாகத்தான் குறையும். சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். தூரத்தை ஆயிரம் மடங்கு ஆக்கிப் பாருங்கள்: ஒன்று பத்து லட்சத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும், இன்னொன்று ஆயிரத்தில் ஒரு பங்காக மிஞ்சி நிற்கும். விண்கலத்தோடு நாம் பேச முடிகிறது என்றால் இந்த ஒரு வித்தியாசத்தின் தயவில்தான்.

சரி, அப்படியானால் ஆடும் மின்னோட்டம் ஓடுகிற எல்லா ஒயரும் ஆன்டெனா ஆகிவிடாதா? ஆகும், ஆனால் பெரும்பாலும் ஆக விடாமல் நாம் தடுத்துவிடுகிறோம். ஒயரில் இரண்டு கம்பிகள் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் மின்னோட்டம் போகும்போது மற்றதில் திரும்பி வருகிறது. இரண்டும் கிளப்பும் அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. அந்த இரண்டு கம்பிகளின் நுனியைப் பிரித்து, ஒன்றை மேலேயும் ஒன்றைக் கீழேயும் மடக்கிவிட்டால்? ஒன்றில் மேல்நோக்கிப் போகிற அதே நேரம் மற்றதில் மேல்நோக்கியே வருகிறது. அடித்துக்கொள்வது நின்று, ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. இருமுனை ஆன்டெனா என்று பாடப்புத்தகம் சொல்வதும், ஆய்வகத்தில் எல்லோரும் 'டைபோல்' என்று கூப்பிடுவதும் இதைத்தான்.

இங்கே எல்லா மாணவர்களுக்கும் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. கம்பி நுனியில் ஒன்றுமே இணைக்கவில்லையே, சுற்று முழுமையாகாமல் மின்சாரம் எப்படி ஓடும்? ஒரு நீளமான தொட்டியில் பாதி தண்ணீர் வைத்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தண்ணீர் எங்கேயும் வெளியே போகவில்லை. ஆனாலும் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் அலைந்துகொண்டிருக்கிறது. முனையில் போய் மேலே ஏறுகிறது, பிறகு திரும்புகிறது. டைபோலில் எலக்ட்ரான்கள் செய்வது இதுதான். நுனியில் மின்னோட்டம் பூஜ்ஜியம், நடுவில் அதிகம்.

தொட்டியை எந்த வேகத்தில் வேண்டுமானாலும் ஆட்டலாம், ஆனால் ஒரு குறிப்பிட்ட தாளத்தில் ஆட்டினால் தண்ணீர் கரை தாண்டிக் குதிக்கும். கம்பிக்கும் அந்தத் தாளம் உண்டு. கம்பியின் நீளம் அலைநீளத்தில் பாதி இருக்கும்போது அது வாய்க்கிறது. அலைநீளத்தைக் கண்டுபிடிக்க, ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் போதும். 100 மெகாஹெர்ட்ஸ் பண்பலை வானொலிக்கு 3 மீட்டர், அதனால் டைபோல் ஒன்றரை மீட்டர். வைஃபையின் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், டைபோல் ஆறேகால். நடைமுறையில் இதைவிட ஐந்து சதவீதம் போலக் குட்டையாக வெட்டுவார்கள், ஏனென்றால் நுனியில் புலம் கொஞ்சம் பிதுங்கி நிற்பதால் கம்பி தன் நிஜ நீளத்தைவிடக் கொஞ்சம் நீளமாக நடந்துகொள்ளும்.

ஒத்த தாளத்தில் இருக்கும் அரை அலைநீள டைபோல், டிரான்ஸ்மிட்டரின் கண்ணுக்கு ஏறத்தாழ 73 ஓம் மின்தடை போலத் தெரியும். இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அங்கே மின்தடை எதுவும் வைக்கவில்லை. கம்பியும் சூடாகவில்லை. ஆனாலும் ஆற்றல் காணாமல் போகிறது, அது வெளியே கிளம்பிப் போய்விட்டதால். போனது திரும்பி வராத இடத்தை மின்சுற்று ஒரு மின்தடையாகத்தான் புரிந்துகொள்கிறது. இந்த 73-ஐ நினைவில் வையுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

ஹெர்ட்ஸ் இதையெல்லாம் 1886 முதல் 1888 வரை கார்ல்ஸ்ரூஹ நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தபோது செய்துகாட்டினார். டிரான்ஸ்மிட்டர் என்று சொன்னால், நடுவில் இடைவெளி விட்ட இரண்டு கம்பிகள், அந்த இடைவெளியில் தீப்பொறி. ரிசீவர் என்று சொன்னால், சிறு இடைவெளி விட்ட ஒரு கம்பி வளையம். இந்தப் பக்கம் பொறி பறந்தால் தள்ளி இருக்கும் வளையத்தின் இடைவெளியிலும் துளியூண்டு பொறி தெரியும். அறையை இருட்டாக்கி வைத்துக்கொண்டு அந்தப் பொறியைத் தேடினார் மனிதர். 36 வயதிலேயே இறந்துவிட்டார். ரேடியோ என்று ஒன்று வியாபாரமாவதை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பின்னால் வந்தவர்களில் என்னை வியக்க வைப்பவர் கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ். பலர் இன்னும் நீளமான அலைகளை வைத்துக்கொண்டிருந்த 1890-களில் அவர் 5 மில்லிமீட்டர் அலைவரை இறங்கிவிட்டார், அதாவது 60 ஜிகாஹெர்ட்ஸ். அலைகளைச் சேகரிக்கப் புனல் வடிவ உலோகக் கொம்பு ஒன்றை வைத்திருந்தார். அதே வடிவத்தில் 'ஹார்ன்' ஆன்டெனாக்கள் இன்று எந்த ஆய்வகத்திலும் இருக்கும். எங்கள் ஆய்வகத்திலும் நாலைந்து இருந்தன.

இனி திசை. ஆன்டெனா ஆற்றலைப் பெருக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் உலோகம், எங்கிருந்து ஆற்றலைக் கொண்டுவரும்? தூரத்தில் போகிறவரைக் கூப்பிட இரண்டு கைகளையும் வாயருகே குவிக்கிறோம். மூச்சு அதே மூச்சுதான், பக்கவாட்டில் சிதறவேண்டிய சத்தம் முன்பக்கம் போகிறது. அவர் பதிலுக்கு ஏதோ கத்துகிறார், சரியாகக் கேட்கவில்லை, அதே கையைக் காதருகே குவிக்கிறோம். அனுப்ப உதவிய அதே கை கேட்கவும் உதவுகிறது. ஆன்டெனாவும் அப்படியே: எந்தத் திசையில் நன்றாக அனுப்புமோ அந்தத் திசையிலிருந்து நன்றாக வாங்கும். இது தற்செயல் இல்லை, மாக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்தே நிரூபிக்கலாம்.

பழைய மொட்டை மாடிகளில் மீன் எலும்புக்கூடு போல நின்ற டிவி ஆன்டெனா ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒயர் போய்ச் சேர்வது ஒரே ஒரு கம்பிக்குத்தான். மற்றவை சும்மா நிற்கின்றன, எதோடும் இணைப்பில்லை. ஆனால் பக்கத்துக் கம்பி கிளப்பும் அலை அவற்றிலும் எலக்ட்ரான்களை ஆட்டுகிறது, அவை பதிலுக்குத் தங்கள் அலையைக் கிளப்புகின்றன. நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் அந்தப் பதில் அலை முந்தியோ பிந்தியோ வரும். முன்பக்கம் எல்லாம் கூடுகிற மாதிரியும் பின்பக்கம் எல்லாம் கழிகிற மாதிரியும் நீளங்களை வைத்துவிட்டால் ஆயிற்று. ஜப்பானில் செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் 1926-ல் கண்டுபிடித்தது இது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, 1928-ல் ஆங்கிலத்தில் எழுதி உலகுக்குத் தெரியப்படுத்தியவர் அவருடைய வழிகாட்டி யாகி. பெயர் யாகிக்கு ஒட்டிக்கொண்டது. வழிகாட்டிக்கும் ஆய்வாளருக்கும் இடையில் இந்தக் கதை எல்லாத் துறையிலும் உண்டுதான்.

சொந்த ஊரில் இதற்கு மதிப்பே இல்லை. 1942-ல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, பிரிட்டிஷ் ரேடார் பற்றிய கையெழுத்துக் குறிப்புகள் சிலவற்றைக் கண்டெடுத்தது. அதில் 'யாகி' என்று திரும்பத் திரும்ப வருகிறது. ஜப்பானிய அதிகாரிகளுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. கைதியாக இருந்த பிரிட்டிஷ்காரரைக் கேட்டால், "அது உங்கள் ஊர்ப் பேராசிரியரின் பெயர்" என்றாராம்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் பேராசிரியர் எங்களுக்கு முதல் வகுப்பில் சொன்னதும் இதுதான். யாகியில் எது ஆன்டெனா? ஒயர் இணைத்த ஒரு கம்பியா, இணைக்காத மற்றக் கம்பிகளுமா? "மின்னோட்டம் எங்கெல்லாம் ஓடுதோ அதெல்லாம் ஆன்டெனா. நீங்க எதை ஆன்டெனான்னு வரைஞ்சீங்கங்கிறது அதுக்குத் தெரியாது" என்றார். அப்போது எழுதிக்கொண்டேன். அர்த்தம் புரிய இரண்டு வருடம் ஆனது.

மின்னோட்டம் எங்கே எவ்வளவு ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். சிக்கல், அது தெரிவதில்தான். நேரான கம்பிக்கு ஊகித்துவிடலாம். வளைந்தால், பக்கத்தில் இன்னொரு உலோகம் இருந்தால், ஊகம் எடுபடாது. 1946 வாக்கில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் கிராஸ், ஸ்பிரிங் போலச் சுருட்டிய கம்பியை ஆன்டெனாவாகப் பயன்படுத்த முடியுமா என்று ஒரு நிபுணரைக் கேட்டார். முடியாது, தானே செய்து பார்த்தாயிற்று என்றார் நிபுணர். கிராஸ் வீட்டு நிலவறையில் ஏழு சுற்றுச் சுருள் ஒன்றை, சுற்றளவு சரியாக ஓர் அலைநீளம் வருமாறு சுற்றிப் பார்த்தார். நுனியிலிருந்து கூர்மையான கற்றை ஒன்று புறப்பட்டது, அதுவும் சுழன்றுகொண்டே போகும் அலை. சொன்னவர் பொய் சொல்லவில்லை. சுற்றளவு வேறாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் இந்தச் சுருள்களைச் சுமந்துகொண்டுதான் சுற்றுகின்றன.

இப்படிச் செய்து பார்த்துக் கண்டுபிடிக்கும் காலத்துக்குப் பின் வந்தவர் என் பேராசிரியர். அவர் ஆராய்ச்சி மாணவராக நுழைந்தபோது துறையில் கணினி வந்துவிட்டிருந்தது. சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோஜர் ஹாரிங்டன் 1968-ல் முறைப்படுத்தித் தந்த வழி ஒன்று உண்டு. கம்பியைக் கற்பனையாக நாற்பது துண்டாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டம் தெரியாத எண். ஒவ்வொரு துண்டும் மற்ற முப்பத்தொன்பதையும் பாதிக்கும், தன்னையும் பாதிக்கும். உலோகத்தின் மேல் மின்புலம் எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒவ்வொரு துண்டுக்கும் எழுதினால் நாற்பது சமன்பாடுகள் கிடைக்கும். தெரியாதவை நாற்பது, சமன்பாடு நாற்பது. பள்ளிக்கூடத்தில் இரண்டு சமன்பாட்டை வைத்து எக்ஸும் ஒய்யும் கண்டுபிடித்த அதே வேலை.

துண்டுகளை இரட்டித்தால், நேரடியாகத் தீர்க்கும் வேலை எட்டு மடங்காகும். அதனால் அந்தக் காலத்தில் எத்தனை துண்டு போடுவது என்பதே தலைவலி. "நாங்க துண்டை எண்ணி எண்ணிச் செலவழிச்சோம், நீங்க அள்ளி இறைக்கிறீங்க" என்பார். எங்கள் சிமுலேஷன் மென்பொருள் லட்சக்கணக்கில் துண்டு போட்டு, வண்ண வண்ணமாக மின்னோட்டத்தை வரைந்து காட்டும். அழகாக இருக்கும். அழகாக இருப்பதாலேயே நம்பிவிடுவோம்.

நான் முதலில் செய்த ஆன்டெனா அந்த நம்பிக்கையை ஒரே நாளில் உடைத்தது. தட்டையான 'பேட்ச்' வகை. கீழே செப்புத் தகடு, நடுவில் 1.6 மில்லிமீட்டர் கண்ணாடியிழைப் பலகை, மேலே ஒரு செவ்வகச் செப்பு. இந்த எண்ணம் 1953-லேயே ஜார்ஜ் டெஷாம்ப் சொன்னது, 1970-களில்தான் செழித்தது. பலகைக்குள் அலை ஏறத்தாழ பாதி வேகத்தில்தான் போகும், அதனால் அலைநீளமும் பாதியாகச் சுருங்கும். 2.45 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஆறு சென்டிமீட்டர் வேண்டிய இடத்தில் 29 மில்லிமீட்டர் போதும்.

பலகையை அச்செடுத்து, பெர்ரிக் குளோரைடு கரைசலில் ஆட்டி ஆட்டிச் செம்பைக் கரைத்து, கனெக்டரைப் பற்றவைத்து, நெட்வொர்க் அனலைசரில் மாட்டினேன். அந்தக் கருவி ஆன்டெனாவுக்குள் ஆற்றலை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் பார்க்கும். ஆன்டெனா விழுங்கும் இடத்தில் கோடு கிணறு போல இறங்கும். ஆய்வகத்தில் அதற்கு 'டிப்' என்று பெயர். டிப் மைனஸ் பத்து டெசிபலுக்குக் கீழே இறங்கினால் நூறில் பத்துப் பங்குக்கும் குறைவாகத்தான் திரும்புகிறது என்று அர்த்தம், பாஸ்.

என் டிப் 2.39-ல் உட்கார்ந்திருந்தது. சிமுலேஷனில் 2.45. நான் மென்பொருளைத் திட்டினேன். சார் பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பலகை அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைத் தீர்மானிப்பது மின்காப்பு எண், அந்த மலிவுப் பலகைக்கு அது 4.4 என்று நான் போட்டிருந்தேன். ஒவ்வொரு தயாரிப்புக்கும் அது கொஞ்சம் ஏறி இறங்கும். 4.6 ஆக இருந்தாலே இவ்வளவு நகரும். "முக்கால் மில்லி ராவு" என்று அரத்தை எடுத்துக் கையில் கொடுத்தார். கால் கால் மில்லியாக ராவி, ஒவ்வொரு தடவையும் அனலைசரில் மாட்டிப் பார்த்தேன். டிப் வலதுபக்கம் நகர்ந்து நகர்ந்து 2.45-ல் வந்து நின்றது. பல லட்சம் துண்டு சிமுலேஷனை ஓர் அரம் திருத்தியது.

அடுத்த கட்டம் எதிரொலி இல்லாத அறை. சுவர், கூரை, தரை எங்கும் கரித்தூள் ஏற்றிய நீல நுரைக் கூம்புகள். அலை கூம்புகளுக்கு நடுவே புகுந்து அங்கேயே செத்துப்போகும். உள்ளே நின்று பேசினால் நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கும், நுரை சத்தத்தையும் சேர்த்து விழுங்கிவிடுவதால். ஒரு முனையில் ஹார்ன், மறுமுனையில் நம் ஆன்டெனா சுழல் மேடையில். ஒவ்வொரு டிகிரியாகத் திருப்பி, எந்தத் திசையில் எவ்வளவு என்று பதிவு செய்ய வேண்டும். பேராசிரியர் என்றால் கரும்பலகையில் சமன்பாடு எழுதுபவர் என்ற படம்தான் என் மனதில் இருந்தது. அவரோ வாழ்நாளில் பாதியை இந்த நுரைக்காட்டுக்குள் முட்டி போட்டுக் கனெக்டர் திருகுவதில் கழித்திருக்கிறார்.

இதற்கு நடுவில் மோஸ்தர் மாறிக்கொண்டே இருந்தது. 2002-ல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை அகலமான ஓர் அதிர்வெண் பட்டையைத் திறந்துவிட்டது. உடனே உலகத்தில் பாதிப் பேர் அதற்கு ஆன்டெனா செய்தார்கள். பிறகு 28 ஜிகாஹெர்ட்ஸ் வந்தது. அங்கே அரை அலைநீளம் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம், உள்ளங்கையளவு பலகையில் அறுபத்துநாலு ஆன்டெனாவை அடுக்கிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் சிக்னலைத் துளி முன்பின்னாகக் கொடுத்தால் பலகையை அசைக்காமலே கற்றை திரும்பும். சார் எல்லாவற்றிலும் கை வைத்தார், ஆனால் அவர் மனசு போட்ட இடம் வேறு: சின்ன ஆன்டெனா.

சின்னது என்றால் அலைநீளத்தோடு ஒப்பிட்டுச் சின்னது. கைபேசியின் 700 மெகாஹெர்ட்ஸ் அலை 43 சென்டிமீட்டர். போன் மொத்தமே பதினைந்து சொச்சம், அதில் ஆன்டெனாவுக்குக் கொடுப்பதோ ஓரத்தில் ஒரு துணுக்கு. கம்பியை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறுக்கினால், முன்பு சொன்ன 73 ஓம் வெறும் 2 ஓமுக்கு விழுந்துவிடும். மெல்லிய செம்பிலும் பற்றவைப்பிலும் வேறு சில பாகங்களிலும் இன்னொரு 2 ஓம் வீணானால், பாதி ஆற்றல் சூடாகவே போயிற்று.

அது போகட்டும், நஷ்டமே இல்லாத உலோகம் கிடைத்தாலும் தப்பிக்க முடியாது. ஹரால்ட் வீலர் 1947-லும், எம்ஐடியின் லான் ஜென் சூ 1948-லும் காட்டியது இது: ஆன்டெனாவை அடக்கும் ஒரு கோளத்தை வரைந்துகொள்ளுங்கள். மிகச் சிறிய ஆன்டெனா என்றால், கோளத்தின் ஆரத்தைப் பாதியாக்க, அது வேலை செய்யும் அதிர்வெண் பட்டையின் அகலம் சுமார் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். உள்ளே எப்படி மடக்கினாலும், சுருட்டினாலும், இந்த எல்லையைத் தாண்ட முடியாது. பட்டையை அகலமாக்க வேண்டுமானால் ஆற்றலில் ஒரு பங்கை வேண்டுமென்றே வீணடிக்கலாம். அளவு, பட்டை அகலம், செயல்திறன் மூன்றில் இரண்டைத்தான் கேட்டு வாங்கலாம், மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டும். சித்தப்பாவுக்கான பதிலில் பாதி இங்கே இருக்கிறது. ஒவ்வொரு புதுக் கருவியும் புது வடிவப் பெட்டியோடு வந்து, இந்த மூன்றையும் ஒருசேரக் கேட்கும். ஒவ்வொரு தடவையும் பேரம் புதிதாகத் தொடங்கும்.

இரண்டாம் வருடம் நான் அந்த எல்லையைத் தாண்டிவிட்டேன்.

ஒரு ரூபாய் நாணயம் அளவு ஆன்டெனா. அனலைசரில் டிப் அகலமாக, ஆழமாக. அறையில் வைத்து அளந்தால் நல்ல சிக்னல். சூ சொன்ன எல்லையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், என் பட்டை அதைவிட அகலம். தூக்கம் வரவில்லை. கட்டுரைக்குத் தலைப்புகூட எழுதி வைத்துவிட்டேன். மறுநாள் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் திரையைப் பார்த்தார். ஆன்டெனாவைப் பார்க்கவே இல்லை. அனலைசரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைக் கையால் இறுக்கிப் பிடித்தார். திரையில் டிப் இடம் மாறித் துள்ளியது. கையைக் கொஞ்சம் நகர்த்தினார், டிப்பும் நகர்ந்தது.

"உன் ஆன்டெனா இதோ, என் கையில இருக்கு" என்றார்.

சின்ன ஆன்டெனாவுக்குக் கீழே இருக்கும் தகடும் சின்னது. திரும்பி வரவேண்டிய மின்னோட்டத்துக்கு அங்கே இடம் போதவில்லை. அது கேபிளின் வெளிப்பின்னல் மேல் வழிந்து, அரை மீட்டர் தூரம் ஓடிக்கொண்டிருந்தது. அலையைக் கிளப்பியது நாணயம் இல்லை, கேபிள். கோளத்தை நான் நாணயத்தைச் சுற்றி வரைந்திருந்தேன், கேபிளைச் சுற்றி வரைந்திருக்க வேண்டும். அப்படி வரைந்தால் சூ சொன்ன எல்லைக்கு ரொம்ப உள்ளேதான் இருந்தேன். கேபிளில் ஃபெரைட் வளையங்களை மாட்டி அந்த ஓட்டத்தை அடைத்தோம். பிறகு கேபிளே வேண்டாம் என்று, ஆன்டெனாவோடு பேட்டரியில் ஓடும் சிறிய அலையியற்றி ஒன்றை ஒட்டி அறைக்குள் வைத்தோம். சிக்னல் 9 டெசிபல் விழுந்தது, அதாவது எட்டில் ஒரு பங்காகிவிட்டது. எழுதி வைத்த தலைப்பை அடித்துவிட்டேன்.

எல்லையை மீறிய ஆன்டெனா என்று யார் சொன்னாலும் கேபிளைத் தொட்டுப் பார்த்தாயா என்றுதான் முதலில் கேட்பேன். போன் ஒன்றின் ஆன்டெனாவைச் சோதிக்கும்போதும் இதே கதைதான். ஓரத்துத் துணுக்கை ஆன்டெனா என்று வரைபடத்தில் குறித்திருப்பார்கள், மின்னோட்டமோ போனின் உலோகச் சட்டம் முழுக்க ஓடும். அதனால்தான் பிடிக்கிற கையும் கணக்கில் வருகிறது, சாய்ந்து பேசும் தலையும் வருகிறது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தன் பழைய போனை எடுத்து நீட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும். இதுல எஃப்எம் கேட்கணும்னா ஹெட்போனைச் செருகுங்குது. ஸ்பீக்கர்ல கேட்டாலும் செருகித்தான் ஆகணுமாம். ஏன்?"

பண்பலையின் அலை 3 மீட்டர். அதற்கான ஆன்டெனாவைப் போனுக்குள் வைக்க வழியே இல்லை. வெளியே ஒரு மீட்டர் சொச்சம் நீளத்தில் ஒயர் ஒன்று எப்படியும் தொங்கப்போகிறது, பாட்டுக் கேட்பதற்காக. என் கேபிள் செய்த திருட்டு வேலைக்கு அங்கே அந்த ஒயரைச் சம்பளம் கொடுத்தே அமர்த்தியிருந்தார்கள்.

ஒயரைச் செருகிக் கொடுத்தேன். பாட்டு வந்தது. நடுவில் அதைக் கையில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன், இரைச்சல் ஏறியது. விட்டார், பாட்டு திரும்பியது. மறுபடி பிடித்தார்.